சேலத்தில் ராத்திரி வரை நிற்கிற சார்ஜ், ஏற்காட்டில் மத்தியானமே காலி: குளிரா, பேட்டரியா?

நாகலூர்_பஸ் · ஜனவரி 6, இரவு 9.12

போன் வாங்கி இரண்டரை வருஷம். 5000 எம்ஏஎச் பேட்டரி, ரெண்டு சிம், ஆண்ட்ராய்டு. சேலத்தில் இருக்கிற நாளில் காலை ஏழு மணிக்கு 100, சாயங்காலம் ஆறுக்கு 40 சொச்சம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வேலை இருக்கிற நாளில் அதே ஏழு மணிக்கு 100, மத்தியானம் ஒன்றுக்கு 28. அங்கே போனைத் தொடவே நேரம் இருக்காது, அப்படியும் இந்தக் கதி. ராத்திரி தங்கினால் தூங்கி எழுவதற்குள் கால்வாசி போயிருக்கும்.

மலையில் உள்ளவர்கள் குளிர் பேட்டரியைத் தின்னுது என்கிறார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் போர்டில் லீக் (மின்கசிவு), 3500 ஆகும் என்றார்கள். எதை நம்புவது?

கொலுசுப்பட்டறை · ஜனவரி 6, இரவு 9.20

போனுக்கும் ஒரு மங்கி குல்லா வாங்கி மாட்டுங்க.

டிபிஎம் · ஜனவரி 6, இரவு 9.47

குளிர் இல்லை. ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர். ஜனவரி விடியற்காலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரில் லித்தியம் அயன் செல் சில சதவீதம் குறைவாகக் கொடுக்கும், அவ்வளவுதான். ஜீரோவுக்குக் கீழே போகிற ஊரில்தான் அது பெரிய விஷயம். சட்டைப் பையில் கிடக்கிற போனுக்கு ஏற்காட்டுக் குளிர் உறைக்கவே உறைக்காது.

சிக்னலைப் பாருங்கள். செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ், அதில் சிக்னல் ஸ்ட்ரெங்த். மைனஸ் போட்டு ஓர் எண் வரும், டிபிஎம் என்ற சிக்னல் அளவில். மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் கணக்குக்குக் கோடு போடும். 4ஜியில் மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்லது. 105-ஐத் தாண்டினால் சுமார். 115-ஐத் தாண்டிவிட்டால் போன் கத்தித்தான் டவருக்குக் கேட்க வைக்க வேண்டும்.

கத்துவது என்றால் எவ்வளவு? அந்த எண்ணில் 3 (அதாவது 3 டிபி) குறைந்தால் சக்தி இரட்டிப்பாக வேண்டும், 10 டிபி குறைந்தால் பத்து மடங்கு. டவர் மங்க மங்கப் போன் தன் ஒலிபரப்பை ஏற்றிக்கொண்டே போகும், 23 டிபிஎம் வரை. அது 200 மில்லிவாட். ஆன்டெனாவிலிருந்து வெளியே போவதுதான் அந்த 200. அதை உண்டாக்கும் ஆம்ப்ளிஃபையர் பேட்டரியில் இழுப்பது அதைவிட மிக அதிகம், மிச்சமெல்லாம் சூடு. யாரும் தொடாத போன் பையில் கதகதவென்று இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரெண்டு சிம்முக்கும் சேலத்து எண், நாகலூர் எண், நாலையும் எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 6, இரவு 10.31

சார்ஜ் நிக்கலைன்னு போன் கைக்கு வந்தா முதல் கேள்வி ஒண்ணுதான்: போன் அதிகமா குடிக்குதா, பேட்டரி கம்மியா பிடிக்குதா? ரெண்டும் வேற வேற நோய், இருமல் மட்டும் ஒண்ணு. இதைப் பிரிக்காம பேட்டரி மாத்தினா பாதிப் பேருக்கு காசு தண்டம்.

பிரிக்கிறது சுலபம், நாலு ராத்திரி போதும். தூங்கும்போது சதவீதம் எழுதுங்க, எழுந்ததும் எழுதுங்க. சார்ஜர் கூடாது. ஒரே நேரத்துக்குப் படுங்க, ஒரே நேரத்துக்கு எழுங்க.

முதல் ராத்திரி ஏரோப்ளேன் மோடு. ரெண்டாவது வழக்கம் போல. மூணாவது, சிக்னல் மோசமான சிம்மை மட்டும் செட்டிங்ஸ்ல ஆஃப். நாலாவது, அதோட சேர்த்து நெட்வொர்க் டைப்பை 5ஜியிலிருந்து 4ஜிக்கு இறக்கிடுங்க.

ஏரோப்ளேன்ல எட்டு மணி நேரத்துக்கு ரெண்டு மூணு சதவீதம் விழுந்தா போர்டு சுத்தம். அதுலயும் பத்து பதினைஞ்சு விழுந்தா அப்புறம் சேஃப் மோடு: பவர் மெனுவில் பவர் ஆஃபை அழுத்திப் பிடிச்சா கேட்கும். அதுல நாம போட்ட ஆப் எதுவும் ஓடாது. அங்கே சரியானா ஆப் பிரச்சினை, அங்கேயும் விழுந்தாத்தான் போர்டைப் பத்திப் பேசணும்.

அந்தக் கடைக்காரர் சொன்னதுக்கு: லீக்னா சேலத்துலயும் லீக் ஆகணுமுங்க. மலையேறினா மட்டும் ஒழுகுற போர்டு இன்னும் கண்டுபிடிக்கல.

நாகலூர்_பஸ் · ஜனவரி 7, மாலை 6.40

சிம் ஒன்று: சேலம் மைனஸ் 86, நாகலூர் அறைக்குள் மைனஸ் 109.
சிம் இரண்டு: சேலம் மைனஸ் 91, நாகலூரில் பெரும்பாலும் நோ சர்வீஸ். எப்போதாவது எட்டிப் பார்த்தால் மைனஸ் 121.

இரண்டாவது சிம் பேங்க் ஓடிபிக்காக வைத்திருப்பது. யாரும் கூப்பிடுவதில்லை.

டிபிஎம் · ஜனவரி 7, இரவு 8.05

யாரும் கூப்பிடாத சிம்தான் ராத்திரி முழுக்க ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

சிக்னலே இல்லாத சிம் சும்மா இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நேர் எதிர். நல்ல டவரோடு ஒட்டியிருக்கும் போன் பெரும்பாலான நேரம் ரேடியோவை உறங்க வைத்து, ஒரு விநாடிக்கும் இரண்டு விநாடிக்கும் ஒருமுறை கண் திறந்து அழைப்பு வந்ததா என்று பார்த்துவிட்டு மறுபடி உறங்கும். டவர் கிடைக்காவிட்டால் தனக்குத் தெரிந்த ஒவ்வொரு அலைவரிசையாகத் துழாவும். துழாவி ஓயும், கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கும். அதைவிட மோசம் மைனஸ் 121 போல எட்டிப் பார்க்கும் இடம். பிடிக்கும், பதிவு செய்யும், விடும், திரும்பப் பிடிக்கும். ஒவ்வொரு பதிவும் முழு சத்தத்தில் நடக்கும் பேச்சு.

மலைப்பாதையும் இதே கதைதான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டவர் மறைந்து இன்னொன்று தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. வரைபடத்தைச் சேலத்திலேயே இறக்கி வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் மோடில் ஏறினால் போதும். ஜிபிஎஸ் வெறும் காது, அதற்குச் சிம் வேண்டாம், ஏரோப்ளேன் மோடிலும் வேலை செய்யும். வண்டி ஓட்டுபவர் போனில் செய்ய வேண்டாம், கூட வருகிறவர் போனில் செய்யலாம். பாதையில் ஒன்று ஆகிவிட்டால் கூப்பிட ஒரு போனாவது திறந்திருக்க வேண்டும்.

கொலுசுப்பட்டறை · ஜனவரி 7, இரவு 8.22

ஏறும்போது காது அடைக்குதுல்ல, அதுமாதிரி பேட்டரிக்கும் அழுத்தம் ஏதாவது? சேலத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேலே போனா பலூன் மாதிரி உப்பிக்குதே. சீரியஸாத்தான் கேக்குறேன்.

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 7, இரவு 9.15

கிண்டல் பண்றீங்களோன்னு பார்த்தேன், நல்ல கேள்வி. சிப்ஸ் பாக்கெட்ல காத்து அடைச்சிருக்கு. மேலே வெளி அழுத்தம் குறையுது, உள்ளே இருக்கிற காத்து ஆறுல ஒரு பங்கு கூடுதல் இடம் கேக்கும். போன் பேட்டரியும் அலுமினியத் தாள் பைதான், ஆனா காத்தை உறிஞ்சி எடுத்துட்டுத்தான் ஒட்டுறாங்க. உள்ளே வாயுவே இல்லாத பை எந்த மலைக்குப் போனாலும் உப்பாது. சார்ஜ் பிடிக்கிறதுக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

ஆனா கெட்டுப்போன செல் உள்ளே வாயு விடும். அப்படி ஏற்கெனவே லேசா உப்பினது மேலே போனா இன்னும் கொஞ்சம் தூக்கும். ஏற்காடு போனப்புறம் பின் மூடி லேசா வாய் திறந்ததுன்னா மலை மேல பழி போடாதீங்க, கீழேயே ஆரம்பிச்ச வேலை அது.

சோதிக்க: கவரைக் கழட்டி, கேமரா மேடு இடிக்காத மாதிரி மேஜை ஓரத்துல போனைத் திரை மேலே வர்ற மாதிரி வெச்சு, ஒரு மூலையைத் தட்டி விடுங்க. தட்டையான முதுகு சுத்தாது, உப்பினது பம்பரம் மாதிரி சுத்தும். முதுகே வளைஞ்ச மாடல்னா இது செல்லாது, விளிம்புல நகத்தை ஓட்டிப் பாருங்க. திரை ஒரு இடத்துல மட்டும் மஞ்சளா வெளுத்து அழுந்தின மாதிரி தெரியறதும் அடையாளம். உப்பினதுன்னு தெரிஞ்சா அதோட சார்ஜ் போடுறதை நிறுத்திடணும். ஊசியால குத்தி காத்தை எடுக்கலாம்னு ஒரு வீடியோ சுத்துது. அது பேட்டரி வைத்தியம் இல்ல, தீ வைக்கிற வழி.

நாகலூர்_பஸ் · ஜனவரி 11, காலை 7.02

நாலு ராத்திரி கணக்கு. எல்லாம் 10.30 முதல் 6.00 வரை, அதே அறை, அதே மேஜை.

ஏரோப்ளேன்: 86-லிருந்து 84.
வழக்கம் போல: 85-லிருந்து 61.
இரண்டாவது சிம் ஆஃப்: 85-லிருந்து 75.
அதோடு 4ஜி மட்டும்: 85-லிருந்து 79.

மேஜையில் போட்டுச் சுற்றியும் பார்த்தேன். சுற்றவில்லை.

டிபிஎம் · ஜனவரி 11, காலை 8.30

அழகான கணக்கு. மின்னோட்டமாக மாற்றினால் இன்னும் தெளிவாகும். 24 சதவீதம் என்றால் 5000-ல் 1200 எம்ஏஎச், ஏழரை மணி நேரத்துக்கு வகுத்தால் சராசரி 160 மில்லி ஆம்பியர். ஏரோப்ளேனில் 13. சிம் இரண்டை அணைத்ததும் 67. 4ஜிக்கு இறக்கியதும் 40. இரண்டாவது சிம் மட்டும் மணிக்கு 93 எம்ஏஎச் குடித்திருக்கிறது.

5ஜியைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் பொதுவாகத் திட்டுவது தவறு. நல்ல சிக்னல் உள்ள இடத்தில் 5ஜி பெரிய தொல்லை இல்லை. ஆனால் 2022-ல் இங்கே இரண்டு விதமாக ஆரம்பித்தார்கள். ஜியோ தனித்து நிற்கும் எஸ்ஏ முறையில், ஏர்டெல் 4ஜி மேல் சாய்ந்து நிற்கும் என்எஸ்ஏ முறையில். என்எஸ்ஏ-வில் டேட்டா ஓடும்போது போன் 4ஜி, 5ஜி என்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த முறையானாலும் 5ஜி விளிம்பில் நிற்கும் ஊரில் ஏறி இறங்கி ஏறி இறங்கியே செலவாகும். சேலத்துக்கு வந்ததும் திரும்ப 5ஜி போட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 11, மதியம் 1.10

டிபிஎம் சார், கணக்குல ஒரு ஓட்டை. 24 சதவீதம்னா 1200ன்னு எடுத்தீங்க. அது புதுப் பேட்டரிக்கு. இரண்டரை வருஷம் ஓடின செல்லுக்கு 100ங்கிறதே 5000 கிடையாது. மொத்தக் கொள்ளளவு தெரியாம சதவீதத்தை மில்லி ஆம்பியரா மாத்தினா எல்லா எண்ணும் ஊதிப் போகும். ஒண்ணுக்கொண்ணு ஒப்பிடுறதுக்கு மட்டும் சரி.

நாகலூர் சார், இன்னொரு கேள்வி. 20க்குக் கீழே வரும்போது மெதுவா இறங்குதா, தடால்னு அணையுதா?

நாகலூர்_பஸ் · ஜனவரி 11, மதியம் 1.40

வீடியோ கால் பேசும்போது 17-ல் இரண்டு தடவை அணைந்தது. சார்ஜர் சொருகியதும் 14 காட்டியது.

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 11, மதியம் 2.05

அப்போ இருமல் ரெண்டு நோய்க்கும் சேர்த்துதான். வயசான செல்லுக்கு உள் எதிர்ப்பு ஏறியிருக்கும். கேமரா, திரை, ரேடியோ மூணும் ஒண்ணா இழுக்கும்போது வோல்டேஜ் சரியும், போன் தாங்குற எல்லைக்குக் கீழே போனதும் சதவீதம் என்ன காட்டினாலும் அணைஞ்சிடும். இழுப்பு நின்னதும் வோல்டேஜ் திரும்ப எழும்பும், அதனாலதான் சொருகினதும் 14.

அளந்துட்டு முடிவு பண்ணலாம். யூஎஸ்பி மீட்டர் ஒண்ணு வாங்குங்க, சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவுல சொருகுறது. போன் தானா அணையுற வரைக்கும் ஓட்டுங்க, அணைஞ்ச நிலையிலேயே 100 வரை சார்ஜ். மீட்டர்ல எம்ஏஎச் பார்க்காதீங்க, வாட் அவர் பாருங்க. ஃபாஸ்ட் சார்ஜ் 5 வோல்ட்லயும் வரும், 9லயும் வரும், எம்ஏஎச் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மீட்டர் நடுவுல இருந்தா சில போன் மெதுவாத்தான் ஏறும், பரவாயில்ல.

கணக்கு: உங்க செல் 3.87 வோல்ட், 5 ஆம்பியர் அவர், 19.35 வாட் அவர். வழியில எட்டுல ஒரு பங்கு சூடாப் போகும்னு வெச்சா நல்ல பேட்டரிக்கு மீட்டர் 22 காட்டணும்.

ஐந்துரோடு · ஜனவரி 11, மாலை 5.55

நடுவில் நுழைகிறேன். ஐபோன் 14. பேட்டரி ஹெல்த் 82, சார்ஜ் சைக்கிள் 640. இதுவும் 20-ஐத் தொட்டால் பயமுறுத்துகிறது. மீட்டர் எல்லாம் வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 11, மாலை 6.20

உங்களுக்கு வேண்டாம், போனே சொல்லுது. 14 வரைக்கும் 500 சைக்கிள்ல 80 சதவீதம் நிக்கும்ங்கிறதுதான் ஆப்பிள் கணக்கு, 15லிருந்து அது 1000. 640க்கு 82ன்னா நீங்க நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. ஹெல்த் பக்கத்துலயே பீக் பர்ஃபாமன்ஸ் பத்தி ஒரு வரி வரும். தானா அணைஞ்சதுன்னு அதுல எழுதியிருந்தா மாத்துற நேரம். இல்லேன்னா இன்னும் ஓட்டலாம்.

சாம்சங்காரங்களுக்கு: டயல்ல *#0228# போட்டா வோல்டேஜும் வெப்பமும் வரும். எல்லா மாடல்லயும் திறக்காது.

டிபிஎம் · ஜனவரி 11, இரவு 9.30

சோல்டர் சொன்னது சரி, 5000-ஐப் பெருக்கியது என் தவறு. மீட்டர் எண் வந்ததும் திருத்துகிறேன்.

இதற்கிடையில் அந்த மிச்சம் 40 மில்லி ஆம்பியர் உறுத்துகிறது. மைனஸ் 109-ல் ஒற்றை சிம் 4ஜிக்கு இது கொஞ்சம் கூடுதல். நாகலூர், வாட்ஸ்அப் பேக்கப் எப்படி வைத்திருக்கிறீர்கள்? போட்டோ பேக்கப்?

நாகலூர்_பஸ் · ஜனவரி 11, இரவு 9.41

வாட்ஸ்அப் தினமும், மொபைல் டேட்டாவிலும் என்று இருக்கிறது. போட்டோவும் அப்படியே. எஸ்டேட் வேலை, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது படம் எடுப்போம்.

டிபிஎம் · ஜனவரி 11, இரவு 10.12

பிடிபட்டது. வாட்ஸ்அப் பேக்கப் வழக்கமாக விடியற்காலை இரண்டு மணி வாக்கில் ஓடும். இறக்குவது போனுக்குக் கேட்கிற வேலை, ஏற்றுவது கத்துகிற வேலை. மைனஸ் 109-ல் நாற்பது படத்தை ஏற்ற ஆரம்பித்தால் பாதியில் அறுந்து, மறுபடி முயன்று, மறுபடி அறுந்து, அந்த நேரம் முழுக்க ரேடியோ உச்சத்தில் நிற்கும். இரண்டையும் வைஃபை மட்டும் என்று மாற்றுங்கள்.

பேட்டரி யூசேஜ் பட்டியலில் இதெல்லாம் வாட்ஸ்அப் பெயரில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மொபைல் நெட்வொர்க் பெயரிலோ பின்னணியில் ஓடும் கூகுள் ப்ளே சர்வீசஸ் பெயரிலோ வரும். ப்ளே சர்வீசஸ் பாவம், ஊரார் வேலையைத் தன் தலையில் செய்கிற பிள்ளை. அதைத் திட்டி, அணைத்து, டேட்டாவை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். செய்ய வேண்டாம். லொகேஷன் பர்மிஷனில் எந்த ஆப்பெல்லாம் எப்போதும் என்று இருக்கிறதோ அதைப் பாருங்கள், ஏவியவன் அங்கே இருப்பான்.

இன்னொன்று, செலவில்லாதது. மேஜையிலிருந்து போனைத் தூக்கிப் பள்ளத்தாக்குப் பார்த்த ஜன்னல் விளிம்பில் வைத்து டிபிஎம் என்ன வருகிறது பாருங்கள்.

நாகலூர்_பஸ் · ஜனவரி 12, காலை 6.25

ஜன்னலில் மைனஸ் 101! ஆறு அடிதான் நகர்த்தினேன். பேக்கப் இரண்டையும் மாற்றிவிட்டேன். ராத்திரி 85-லிருந்து 82.

டிபிஎம் · ஜனவரி 12, காலை 7.50

8 டிபி வித்தியாசம். போன் கத்த வேண்டிய சக்தி ஆறில் ஒரு பங்கு போதும். கல் சுவரும் தகரக் கூரையும் சிக்னலுக்குச் சுவர்தான்.

அங்கே ஃபைபர் இணைப்பு எடுத்தீர்களானால் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிட்டு, ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். அழைப்பு வரும், டவர் தேடல் இருக்காது. கரண்ட் போனால் ரூட்டரும் போகும், அப்போது ஏரோப்ளேனை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

கொலுசுப்பட்டறை · ஜனவரி 12, காலை 9.05

24 சதவீதம் போய் 3 ஆச்சு, ஒரு ரூபா செலவில்லாம. 3500 கேட்ட கடைக்கு இந்த லிங்கை யாராவது அனுப்புங்கப்பா.

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 12, காலை 11.20

கடையைத் திட்டுறதுக்கு முன்னாடி, நிஜமா லீக் எப்படி இருக்கும்னும் தெரிஞ்சுக்கணும். பேட்டரியைக் கழட்டி போர்டுக்கு டிசி பவர் சப்ளையில 4 வோல்ட் கொடுக்கணும். பவர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஆம்பியர் மீட்டர் பூஜ்ஜியத்துல நிக்கணும். அங்கேயே 30, 50 மில்லி ஆம்பியர் காட்டினா அதுக்குப் பேருதான் லீக். பெரும்பாலும் ஏதோ ஒரு கெபாசிட்டர் பாதி ஷார்ட். ரோசினை சூடாக்கி அந்தப் புகையை போர்டு மேல பிடிச்சா வெள்ளைப் பொடி மாதிரி படியும். திரும்ப கரண்ட் கொடுத்தா குற்றவாளி மேல மட்டும் அந்த வெள்ளை உருகி கண்ணாடி மாதிரி ஆகும். கடுகுல பாதி சைஸ் பொருள், ஆனா கண்ணுக்கு நேரா காட்டிக் கொடுக்கும். லீக்னு சொல்ற கடையில அந்த மீட்டரை ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. காட்டினா நம்பலாம்.

மலையில இன்னொண்ணு, ஈரம். மழை நாள்ல மூடுபனியில திரிஞ்ச போனுக்கு சார்ஜிங் போர்ட் பச்சையா பூத்திருக்கும். சார்ஜே ஏறாம இருக்கிறதை பேட்டரி நிக்கலைன்னு நெனச்சுக்குவாங்க. போனை அணைச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்து, மரப் பல்குச்சியால பஞ்சை எடுங்க. குண்டூசி வேண்டாம்.

நாகலூர்_பஸ் · ஜனவரி 18, இரவு 10.15

மீட்டர் வந்தது. அணைந்த நிலையிலிருந்து 100 வரை 17.5 வாட் அவர்.

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 18, இரவு 10.40

17.5ல எட்டுல ஒரு பங்கு கழிச்சா 15.3. அதை 3.87ஆல வகுத்தா 3950 எம்ஏஎச். 79 சதவீதம். இரண்டரை வருஷத்துக்கு நியாயமான தேய்மானம். வீடியோ கால்ல அணையுறதால மாத்துறதுல தப்பில்ல. ஆனா இதை முதல்லயே மாத்தியிருந்தா நாகலூர்ல 24க்குப் பதிலா 19 விழுந்திருக்கும், புதுப் பேட்டரியும் டூப்ளிகேட்டுன்னு சண்டைக்குப் போயிருப்பீங்க.

டிபிஎம் · ஜனவரி 18, இரவு 11.02

திருத்தம், 3950 வைத்து: 160 அல்ல, 126. சிம் ஆஃப் செய்ததும் 53. 4ஜியில் 32. ஏரோப்ளேனில் 11-க்குள். வரிசை மாறவில்லை, அளவு மாறியது.

நாகலூர்_பஸ் · ஜனவரி 19, காலை 7.30

டூப்ளிகேட் என்றதும் கேட்கிறேன். சர்வீஸ் சென்டரில் பத்து நாள் என்கிறார்கள். வெளிக்கடையில் அரை மணி. ஒரிஜினலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டிக்கர், க்யூஆர் எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 19, காலை 10.00

ஸ்டிக்கரைப் படிக்காதீங்க, எடை போடுங்க. ஸ்டிக்கர் அச்சடிக்கிறது சுலபம், லித்தியம் அடைக்கிறதுதான் செலவு. 5000 எம்ஏஎச் செல் 65லிருந்து 75 கிராம் வரும். கழட்டின பழசையும் புதுசையும் அதே தராசுல வைங்க. பழசு தேய்ஞ்சாலும் எடை குறையாது. புதுசு பத்து கிராம் கம்மியா இருந்தா உள்ளே 5000 இல்ல.

கொலுசுப்பட்டறை · ஜனவரி 19, காலை 10.08

ஆஹா, நம்ம ஏரியாவுக்கு வந்துட்டீங்க. செவ்வாய்ப்பேட்டையில எந்த வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போனாலும் பத்து மில்லிகிராம் காட்டுற தராசு இருக்கு. வெள்ளி ரேட்டுக்கு பேட்டரி எடை போட்ட முதல் ஊர் சேலம்தான்னு பேர் வரட்டும். ரெண்டையும் எடுத்துட்டு வாங்க.

டிபிஎம் · ஜனவரி 19, காலை 10.30

எடைக் கணக்கில் ஒரு விலக்கு. சில புதுப் போன்களில் சிலிக்கான்-கார்பன் செல் வருகிறது, அதே எடையில் கூடுதல் பிடிக்கும். பழசோடு புதுசை ஒப்பிடும் முறை அங்கேயும் சரி, பொதுவான 65-75 கணக்கு அங்கே செல்லாது.

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 19, காலை 11.15

ஒப்புக்கிறேன்.

மாத்தும்போது கடையில நின்னு பார்க்க வேண்டியது: போன் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும், நிறைஞ்ச செல் கிழிஞ்சாத்தான் ஆபத்து அதிகம். மூடியைச் சுத்தி 80 டிகிரி சூடு, நடுவுல ஹாட் கன்னை நிறுத்தி வெக்கக் கூடாது. திறந்ததும் முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டணும், அப்புறம்தான் மத்தது. செல்லை இழுக்க பசை நாடா இருக்கும். அது அறுந்துட்டா ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நாலு சொட்டு ஓரத்துல விட்டு ரெண்டு நிமிஷம் பொறுத்து, பிளாஸ்டிக் அட்டையால மெதுவா. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புறாங்கன்னா போனைக் கையில வாங்கிட்டு வந்துடுங்க. மூடும்போது புதுப் பசை போடணும், ஆனாலும் தண்ணி தாங்குற சங்கதி முன்ன மாதிரி இருக்காது. நீங்க பனியில திரியறவர், ஞாபகம் வெச்சுக்குங்க.

நாகலூர்_பஸ் · ஜனவரி 30, இரவு 8.50

பழசு 69.4 கிராம். முதல் கடையில் காட்டிய புதுசு 54.8. ஸ்டிக்கரில் 5000. இரண்டாவது இடத்தில் 69.1, அதையே போட்டேன். தராசு தந்தவருக்கு ஒரு தட்டுவடை செட் பாக்கி.

முதல் நாள் 60-லிருந்து ஒரே அடியாக 51-க்குக் குதித்தது. இதுவும் போச்சா?

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · ஜனவரி 30, இரவு 9.10

இல்லீங்க. போர்டுல இருக்கிற அளவுமானி இன்னும் பழைய செல்லோட அளவை ஞாபகம் வெச்சிருக்கு. ஒரே ஒரு தடவை 5 வரை இறக்கி, இடையில எடுக்காம 100 வரை ஏத்துங்க. ரெண்டு மூணு நாள்ல பழகிக்கும். இதை மாசா மாசம் செய்யச் சொல்லுவாங்க, வேண்டாம், முழுசா இறக்கி ஏத்துறது செல்லுக்குத் தேய்மானம்தான்.

நாகலூர்_பஸ் · பிப்ரவரி 4, காலை 6.40

மீட்டர் 21.8. குதிப்பு நின்றது. நாகலூரில் ராத்திரி 85-லிருந்து 83. மத்தியானம் ஒரு மணிக்கு 74.

ஐந்துரோடு · மே 9, மதியம் 2.20

பழைய இழையைத் தூக்குகிறேன். கோடை விழா பார்க்க ஏறினோம். டாஷ்போர்டில் ஹோல்டர், வரைபடம், கூடவே சார்ஜர். இருபதாவது வளைவு வருவதற்குள் போன் சூடு என்று சொல்லி சார்ஜை நிறுத்திவிட்டது. இது சிக்னலா?

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · மே 9, மதியம் 3.05

கொஞ்சம் சிக்னல், மிச்சம் சூரியன். கண்ணாடிக்குப் பின்னாடி வெயில், முழு வெளிச்சத்துல திரை, ஜிபிஎஸ், கூடவே சார்ஜ். செல் 45 டிகிரி வாக்குல போனதும் சார்ஜை நிறுத்துறதுதான் நல்ல போனுக்கு அழகு. ஹோல்டரை ஏசி காத்து வர்ற வாய்க்கு மாத்துங்க, கவரைக் கழட்டுங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே 80 ஏத்திட்டு வழியில சொருகாதீங்க. சூடான போனை ஐஸ் தண்ணி பாட்டில் மேல வெக்காதீங்க, உள்ளே வியர்க்கும்.

செல்லுக்கு எமன் ஏற்காட்டுக் குளிர் இல்ல, சேலத்து மே மாசம். 40 டிகிரியில முழு சார்ஜோட ஒரு வருஷம் சும்மா கிடக்கிற செல்லுல சுமார் 65 சதவீதம்தான் மிஞ்சும். 40 சதவீத சார்ஜ்ல கிடந்தா அதே வெப்பத்துல சுமார் 85. அதனால கோடையில ராத்திரி முழுக்க 100ல தொங்க விடாதீங்க, 80ல நிறுத்துற வசதி இப்போ நிறையப் போன்ல இருக்கு. தலைகாணிக்கு அடியில வெச்சு சார்ஜ் போடுறது மே மாசத்துல ரெட்டைத் தப்பு.

டிபிஎம் · மே 9, மாலை 4.40

விழா நாளில் இன்னொன்றும் சேரும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே டவரில் படம் ஏற்றும்போது உங்கள் முறை வர நேரமாகும், அதுவரை ரேடியோ உறங்காது. டிபிஎம் நன்றாகவே காட்டும், ஆனாலும் சார்ஜ் இறங்கும். படங்களைக் கீழே வந்து அனுப்புங்கள்.

நாகலூர்_பஸ் · மே 9, இரவு 9.00

அந்தப் பழைய பேட்டரி இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. என்ன செய்வது?

செவ்வாய்ப்பேட்டை_சோல்டர் · மே 9, இரவு 9.25

மே மாசத்துல டிராயர்லயா? கனெக்டர் மேல இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க, மணல் போட்ட பழைய பெயின்ட் டப்பாவுல வெச்சு நிழல்ல வைங்க, மூடியை இறுக்காதீங்க. இந்த வாரமே சர்வீஸ் சென்டர்லயோ இ-கழிவு எடுக்கிறவங்க கிட்டயோ கொடுத்துடுங்க. 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி திரும்ப எடுத்துக்கறது தயாரிக்கிற கம்பெனி பொறுப்பு. குப்பை வண்டியில வேண்டாம், அமுக்கும்போது பத்திக்கும்.

கொலுசுப்பட்டறை · மே 9, இரவு 9.31

தட்டுவடை செட் பாக்கியும் ஜனவரியிலேர்ந்து அதே டிராயர்லதான் கிடக்குது போல.